ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டர்புலன்ஸ் டேட்டாபேஸ்: துகள் புள்ளியியலுக்கு இதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கொந்தளிப்பு ஓட்டத்தில் துகள்கள் எப்படி அலைகின்றன என்று கணக்கிட்டுப் பார்க்க ஆசை இருக்கிறது, சூப்பர் கம்ப்யூட்டர்தான் கைவசம் இல்லை என்கிற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் நடத்தும் டர்புலன்ஸ் டேட்டாபேஸ் இலவசம். பெரிய டிஎன்எஸ் (நேரடி எண்முறைக் கணக்கு) ஒன்றின் முழு வரலாறும் சர்வரில் கிடக்கிறது, உங்கள் லேப்டாப்பிலிருந்து எந்தப் புள்ளியில், எந்த நேரத்தில் என்ன திசைவேகம் என்று கேட்டால் பதில் வருகிறது. என் மதிப்பீடு 5-க்கு 4. அந்த ஒரு நட்சத்திரம் எங்கே போனது என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம். இதைப் பாராட்டுகிறவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், எந்தக் கேள்விக்கு இது பதில் சொல்லும், எதற்குச் சொல்லாது என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறவர்கள்தான் குறைவு.

டிஎன்எஸ் என்றால் தெரியும்தானே, பாய்மங்களின் இயக்கத்தைச் சொல்லும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டை எந்த மாடலும் வைக்காமல், மிகச் சிறிய சுழல் வரை நேரடியாகத் தீர்ப்பது. 1972-இல் ஆர்ஸாக், பேட்டர்சன் இருவரும் இதைச் செய்தபோது ஒரு பக்கத்துக்கு 32 புள்ளிகள்தான். ரெனால்ட்ஸ் எண் (கொந்தளிப்பு எவ்வளவு வலுவானது என்பதன் அளவு) ஏற ஏறத் தேவைப்படும் புள்ளிகள் அதன் 9/4 அடுக்கில் ஏறும், கணக்கு நேரம் ஏறக்குறைய 3-ஆம் அடுக்கில் ஏறும், அதனால் இது எப்போதுமே பெரிய மெஷின் வைத்திருப்பவர்களின் விளையாட்டாகவே இருந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு. கணக்கு ஓடி முடிந்ததும் நாலைந்து ஸ்னாப்ஷாட்டை மட்டும் சேமித்துவிட்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள், ஏனென்றால் வைக்க இடம் கிடையாது. பின்னால் யாருக்காவது புதுக் கேள்வி தோன்றினால் முதலிலிருந்து ஓட்ட வேண்டியதுதான். 2007, 2008 வாக்கில் கட்டுரைகளாக வெளிவந்த இந்த டேட்டாபேஸ் மாற்றியது அதைத்தான்: நேரத்தையும் சேர்த்து மொத்தத்தையும் வைத்துக்கொள்வோம், கேட்கிறவர்கள் தேவையான புள்ளியை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள்.

துகள் வேலைக்கு முக்கியமான தொகுப்பு, ஒவ்வொரு பக்கமும் 1024 புள்ளிகள் கொண்ட ஐசோட்ரோபிக் (எல்லாத் திசையிலும் ஒரே குணமுள்ள) கொந்தளிப்பு. பெட்டி ஒவ்வொரு பக்கமும் 2 பை நீளம், எல்லைகள் பீரியாடிக் (ஒரு பக்கம் வெளியேறுவது எதிர்ப்பக்கம் உள்ளே வரும்), பாகியல் எண் 0.000185, டெய்லர் அளவை (ஒரு இடைநிலை நீளம்) வைத்த ரெனால்ட்ஸ் எண் சுமார் 418. மொத்தம் 5028 ஃபிரேம்கள், அடுத்தடுத்த ஃபிரேம்களுக்கு இடையே 0.002 நேரம். இதன் கனத்தை உணர ஒரு பெருக்கல் போதும். ஒரு ஃபிரேமில் நூற்றியேழு கோடிப் புள்ளிகள், ஒவ்வொன்றிலும் திசைவேகத்தின் 3 கூறுகள், அப்புறம் அழுத்தம், எண்ணுக்கு 4 பைட் என்றால் ஒரு ஃபிரேமுக்கே 17 ஜிபி. 5028-ஆல் பெருக்கினால் 86 டெராபைட். இதை யாரும் டவுன்லோட் செய்யப் போவதில்லை, செய்யவும் தேவையில்லை, அதுதான் இந்தச் சேவையின் முழு மதிப்பும்.

ஆரம்பிப்பது சுலபம். பைத்தான் வழியாகவோ, பிரவுசரிலேயே ஓடும் சைசர்வர் நோட்புக் வழியாகவோ உள்ளே போகலாம். சோதனைக்கென்று ஒரு பொது டோக்கன் (அனுமதிக் குறியீடு) இருக்கிறது, அதில் ஒரு தடவைக்கு 4096 புள்ளிகள் வரை கேட்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மின்னஞ்சல் அனுப்பிச் சொந்த டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். பழகுவதற்கு 4096 தாராளம், ஆனால் புள்ளியியல் என்று இறங்கினால் முதல் நாளே சொந்த டோக்கனுக்கு எழுதிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஆரம்ப காலத்தில் சி, ஃபோர்ட்ரான், மேட்லேப் வழியாகத்தான் பேச வேண்டியிருந்தது, இப்போது பெரும்பாலும் பைத்தான் பக்கம் நகர்ந்திருக்கிறது. அதனால் பழைய ஆய்வேட்டின் பின்னிணைப்பில் கிடைத்த நிரல் கோடை எடுத்து ஒட்டினால் அப்படியே ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

புதிதாக வருபவர்கள் துகளை எடுத்ததும் விட்டுவிடாமல் இரண்டு சின்னச் சோதனைகளைச் செய்து பார்க்கச் சொல்வேன். ஒன்று, சில ஆயிரம் புள்ளிகளில் திசைவேகச் சரிவின் 9 கூறுகளையும் வாங்கி, மூலைவிட்டத்தில் இருக்கும் 3 எண்களைக் கூட்டுங்கள். அமுக்க முடியாத பாய்மம் என்பதால் பூச்சியம் வர வேண்டும். வராது. சிறிய எண் ஒன்று எஞ்சி நிற்கும். கணக்கு நடந்தது ஃபூரியே வெளியில், அங்கே அது கச்சிதமாகப் பூச்சியம்தான். உங்களுக்குக் கிடைக்கும் சரிவோ பக்கத்துப் புள்ளிகளை வைத்து வித்தியாச முறையில் எடுத்தது, ஆக எஞ்சுவது அந்த முறையின் பிழை. இதை அவர்கள் மறைக்கவில்லை, ஆவணத்திலேயே இருக்கிறது, ஒவ்வொரு இடைச்செருகல் முறைக்கும் (கிரிட் புள்ளிகளுக்கு நடுவில் மதிப்பை நிரப்பும் முறை) சூத்திரம் முழுசாகக் கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் அந்த எண்ணைத் தானே கண்ணால் பார்த்தவருக்குத்தான், பின்னால் எந்தத் தசமத்தை நம்பலாம் என்ற உணர்வு வரும். இரண்டாவது, கோல்மோகரோவின் 4/5 விதி. இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான திசைவேக வித்தியாசத்தில், அவற்றை இணைக்கும் திசையில் இருக்கும் கூறின் மும்மடிச் சராசரியை எடுத்து, தூரத்தாலும் ஆற்றல் விரய வீதத்தாலும் (சுழல்களின் ஆற்றல் வெப்பமாகக் கரையும் வீதம்) வகுத்து, குறியை மாற்றி வரைந்தால் வரைபடம் 0.8-ஐ நெருங்கிவிட்டு இறங்கும், முழுசாகத் தொடாது. 418 என்ற ரெனால்ட்ஸ் எண் எவ்வளவு பெரியது, எவ்வளவு சின்னது என்பதை இந்த ஒரு வரைபடம் சொல்லிவிடும்.

சரி, துகள்.

சர்வரிலேயே துகளை ஓட்டிக் கொடுக்கும் வசதி இருக்கிறது. ஆரம்ப இடம், ஆரம்ப நேரம், முடிவு நேரம், நேரப் படி நான்கையும் கொடுத்தால் இரண்டாம் வரிசை ருங்கே-குட்டா முறையில் ஓட்டி இறுதி இடத்தைத் திருப்பித் தரும். ஒவ்வொரு படிக்கும் நெட்டில் போய் வர வேண்டியதில்லை என்பதால் இது பெரிய நிம்மதி. இதற்குள் எதிர்பாராத ஒரு வசதியும் ஒளிந்திருக்கிறது: முடிவு நேரத்தை ஆரம்ப நேரத்துக்கு முன்னால் கொடுத்தால் துகள் பின்னோக்கி ஓடும். சொந்தமாக டிஎன்எஸ் ஓட்டுகிறவர்களால் இதைச் சுலபத்தில் செய்ய முடியாது, பாகியல் இருக்கும் சமன்பாட்டைக் காலத்தில் பின்னோக்கித் தீர்த்தால் வெடித்துவிடும், முழு வரலாற்றையும் சேமித்து வைத்திருந்தால் மட்டுமே வழி. ஒரு இடத்தில் இப்போது இருக்கும் புகை எங்கிருந்தெல்லாம் வந்து சேர்ந்தது என்ற கேள்வி பின்னோக்கிய கேள்விதான். கொந்தளிப்பில் இரண்டு துகள்கள் பின்னோக்கிப் பிரியும் வேகம் முன்னோக்கிப் பிரிவதை விட அதிகம் என்பது தெரிந்த விஷயம், அதை இங்கே சொந்தக் கையால் வரைந்து பார்த்துவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே நான் இந்தச் சேவையைத் திரும்பத் திரும்பச் சிபாரிசு செய்கிறேன்.

முடுக்கத்துக்கு வருவோம். கொந்தளிப்பில் ஒரு பாய்மத் துகளின் (பாய்மத்தோடு அப்படியே நகரும் துகள்) முடுக்கம் மிக முரட்டுத்தனமானது. 2001-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில், உயர் ஆற்றல் இயற்பியலுக்காகச் செய்த சிலிக்கான் ஸ்ட்ரிப் டிடெக்டரைத் தண்ணீர்த் தொட்டிக்குத் திருப்பி அளந்தபோது, புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 1500 மடங்கு வரை போகும் துகள்களைப் பார்த்தார்கள். நிகழ்தகவுப் பரவலின் வால் (அரிதான, மிகப் பெரிய மதிப்புகள் இருக்கும் ஓரம்) அவ்வளவு நீளம். இந்த டேட்டாபேஸில் முடுக்கத்தை எடுக்க இரண்டு வழி இருக்கிறது. துகளின் பாதையை வாங்கி நேரத்தில் இரண்டு முறை வகையிடலாம். அல்லது துகள் நிற்கும் புள்ளியில் அழுத்தச் சரிவையும் திசைவேகத்தின் லாப்லாசியனையும் (மூன்று திசைகளின் இரண்டாம் வகைக்கெழுக்களின் கூட்டுத்தொகை) கேட்டு வாங்கி, நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டின் வலப்பக்கத்தை நேரடியாகக் கூட்டிவிடலாம். ஓட்டத்தைக் கிளறிவிடும் வெளிவிசை பெரிய அளவுகளில் மட்டும் வேலை செய்வதால் இந்தக் கூட்டலில் அதன் பங்கு சிறியது.

இரண்டாவது வழியையே எடுங்கள். காரணம் சொல்கிறேன். கிரிட் புள்ளிகளுக்கு நடுவில் திசைவேகத்தை லாக்ராஞ்ச் பல்லுறுப்புக் கோவையால் நிரப்புகிறார்கள், 4, 6, 8 புள்ளிகள் என்று தேர்ந்தெடுக்கலாம். 8 எடுத்தாலும் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குப் போகும்போது திசைவேகம் மட்டும்தான் தொடர்ச்சியாக இருக்கும், அதன் சரிவு சின்னதாகக் குதிக்கும். ஒரு கட்டத்தின் அகலம் 2 பையை 1024-ஆல் வகுத்தால் 0.0061. திசைவேகத்தின் ஆர்எம்எஸ் (வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம்) மதிப்பு சுமார் 0.69. ஆக ஒரு சராசரித் துகள் 0.009 நேரத்துக்கு ஒரு தடவை கட்டம் தாண்டுகிறது. கோல்மோகரோவ் நேரமோ (மிகச் சிறிய சுழல்களின் நேர அளவு) 0.042. அதாவது முடுக்கம் இயல்பாக மாறும் நேரத்துக்குள்ளேயே நாலைந்து தடவை செயற்கையான குதிப்பு வந்துவிடுகிறது, பாதையை இரண்டு முறை வகையிட்டால் இதெல்லாம் முட்களாக மேலே வந்து நிற்கும், அந்த முட்களை இயற்பியல் என்று நினைத்து வாலில் சேர்த்துவிட்டால் கதை முடிந்தது. பின்னால் சேர்த்த ஸ்ப்லைன் வகை இடைச்செருகல்களில் சரிவும் தொடர்ச்சியாக வரும், பாதையிலிருந்துதான் எடுத்தாக வேண்டும் என்றால் அவற்றை எடுங்கள். நேர திசையில் பிரச்சினை குறைவு: கோல்மோகரோவ் நேரத்துக்கு 21 ஃபிரேம் கிடைக்கிறது, நடுவில் நிரப்பும் கியூபிக் ஹெர்மிட் முறையில் முதல் வகைக்கெழு தொடர்ச்சியாகவே இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க, மூலக் கணக்கின் ஒவ்வொரு நேரப் படியையும் சேமித்த குட்டித் தொகுப்பு ஒன்றையும் தனியாக வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி அக்கறை எல்லா இடத்திலும் கிடைக்காது.

முடுக்கத்தின் பரவற்படி (சராசரியிலிருந்து விலகலின் வர்க்கச் சராசரி) சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு குறிப்பு. விரய வீதம் 0.103, பாகியல் 0.000185 என்று வைத்தால் கோல்மோகரோவ் அளவில் முடுக்கம் 1.56 வருகிறது. உங்களுக்கு வந்த பரவற்படியை (ஒரு கூறுக்கு) இந்த 1.56-இன் வர்க்கத்தால் வகுத்தால் 4 வாக்கில் வர வேண்டும். 1 வந்தால் எங்கோ ஒரு சரிவு விட்டுப்போயிருக்கிறது, 20 வந்தால் மேலே சொன்ன முட்கள். ஆனால் வாலின் கடைசி நுனியை மட்டும் இந்தத் தொகுப்பிலிருந்து எடுத்து ஆணித்தரமாக எதையும் சொல்லாதீர்கள். கிரிட் இடைவெளி, மிகச் சிறிய சுழல்களின் அளவான கோல்மோகரோவ் நீளத்தைப் போல 2.2 மடங்கு. சராசரிகளுக்கு இது போதும். மிக வலுவான, மிக மெல்லிய சுழல் குழாய்களுக்குள் மாட்டிய துகள்களுக்குப் போதாது, அந்த வாலை உண்டாக்குவதே அவைதான்.

இனி அந்த ஒரு நட்சத்திரம். இதைத்தான் யாரும் கணக்குப் போட்டுச் சொல்வதில்லை. கொந்தளிப்பின் பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்கும் உள்ள இடைவெளியைத் தூரத்தில் பார்த்தால், பெரிய சுழலின் நீளம் 1.36, கோல்மோகரோவ் நீளம் 0.0028, விகிதம் கிட்டத்தட்ட 490. தாராளம். அதையே துகளோடு பயணித்து நேரத்தில் பார்த்தால், பெரிய சுழல் ஒரு சுற்று சுற்றும் நேரம் 1.99, கோல்மோகரோவ் நேரம் 0.042, விகிதம் 47 மட்டும். பெரிய சுழல்களின் பாதிப்பு மேலே ஒரு பகுதியையும், பாகியலின் பாதிப்பு கீழே ஒரு பகுதியையும் தின்றுவிட்டால் நடுவில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. துகளின் திசைவேக மாற்றத்தின் இருமடிச் சராசரி நேரத்துக்கு நேர்விகிதத்தில் வளர வேண்டும் என்று கோல்மோகரோவ் வழிச் சிந்தனை சொல்கிறது. அதை விரய வீதத்தாலும் நேரத்தாலும் வகுத்து வரைந்தால் மட்டமான ஒரு மேடை தெரிய வேண்டும். இங்கே தெரிவது ஒரு மேடு, ஏறி உடனே இறங்கிவிடும். அந்த மேட்டின் உச்சியைப் படித்து இதுதான் மாறிலி என்று எழுதிவிடுவது ரொம்பச் சுலபம், எழுதியும் இருக்கிறார்கள். இந்தத் தொகுப்பின் குறை என்றுகூட இதைச் சொல்ல முடியாது, இந்த ரெனால்ட்ஸ் எண்ணில் யார் ஓட்டினாலும் இதேதான். ஆனால் இந்தத் தொகுப்பைத் தொடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வரைவது இந்தப் படத்தைத்தான், அதனால் நட்சத்திரத்தைக் குறைக்க வேண்டியதாகிறது.

ஜோடித் துகள்கள் பிரிவதும் இதே கதைதான். 1926-இல் ரிச்சர்ட்சன் சொன்னபடி, பிரிந்த தூரத்தின் வர்க்கச் சராசரி நேரத்தின் கனத்துக்கு ஏற்ப வளர வேண்டும். ஆனால் பிரியத் தொடங்கியதும் கொஞ்ச நேரம் அவை ஆரம்பத் தூரத்தை மறக்காது, அதுவரை வளர்ச்சி வர்க்கத்தில்தான். எவ்வளவு நேரம் என்று கணக்குப் போடலாம்: ஆரம்பத் தூரம் கோல்மோகரோவ் நீளத்தைப் போல 10 மடங்கு, அதாவது 0.028 என்றால் மறக்க 0.2 நேரம் ஆகும். நேரம் 2-ஐத் தொடும்போது துகள்கள் பெரிய சுழல்களின் கைக்குப் போய்விடும். 0.2-க்கும் 2-க்கும் நடுவில் ஒரே ஒரு பத்து மடங்கு, அதிலும் இரண்டு முனைகளும் கெட்டுப் போனவை. ஆரம்பத் தூரத்தைக் கொஞ்சம் குறைத்தால் சாய்வு 3-க்கு மேலே போகும், கூட்டினால் கீழே வரும், நடுவில் ஏதோ ஒரு தூரத்துக்குக் கச்சிதமாக 3 வந்து நிற்கும். அந்த ஒரு வளைவை மட்டும் கட்டுரையில் போட்டுவிட்டு ரிச்சர்ட்சனை நிரூபித்துவிட்டோம் என்று சொல்வது ஏமாற்று வேலை. நான்கு வெவ்வேறு தூரங்களையாவது ஒரே படத்தில் போடுங்கள். கிரிட் இடைவெளியை விடக் குறைந்த தூரத்தில் ஜோடியை விட்டால் நீங்கள் அளப்பது இடைச்செருகல் சூத்திரத்தின் குணத்தையும் சேர்த்துத்தான் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூலக் கணக்கில் அந்த அளவில் தகவல் அதிகம் கிடையாது.

இன்னும் ஒரு கணக்கு, என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் விட முக்கியமானது. துகள் விடுவது மலிவு, பத்து லட்சம் விடலாம், கோடியும் விடலாம், பிழைக்கோடு மெலிந்துகொண்டே போகும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரே சுழலுக்குள் மாட்டிய பத்தாயிரம் துகள்கள் பத்தாயிரம் சாட்சிகள் ஆகாது, சொல்வது ஒரே செய்தியைத்தான். பெட்டிக்குள் ஒரு நேரத்தில் எத்தனை பெரிய சுழல்கள் இருக்க முடியும்? பெட்டியின் பக்கம் 6.28, சுழலின் நீளம் 1.36, வகுத்தால் 4.6, கனம் எடுத்தால் 100-க்கு அருகில். மொத்தப் பதிவு 10 நேர அலகுக்குக் கொஞ்சம் மேல், அதாவது பெரிய சுழல் 5 சுற்று சுற்றும் நேரம். பெருக்கினால் தோராயமாக 500 தனித்தனிச் சாட்சிகள். 500-இன் வர்க்கமூலத்தின் தலைகீழ் 4.5 சதவீதம். ஆக பெரிய அளவுகள் சம்பந்தப்பட்ட எந்த எண்ணையும் (துகள் எவ்வளவு தூரம் பரவியது, நீண்ட நேரத் தொடர்பு எப்படிக் குறைகிறது) சில சதவீதத்துக்குக் கீழே துல்லியமாகச் சொல்ல இந்தத் தொகுப்பால் ஆகாது, எத்தனை கோடித் துகள் விட்டாலும் ஆகாது. பிழைக்கோட்டைத் துகள் எண்ணிக்கையிலிருந்து எடுக்காமல், பெட்டியை எட்டாகப் பிரித்தோ, நேரத்தை ஐந்தாகப் பிரித்தோ, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாகச் சராசரி எடுத்து அந்தச் சராசரிகள் எவ்வளவு ஆடுகின்றன என்று பாருங்கள். வரும் பிழைக்கோடு தடிமனாக இருக்கும், ஆனால் அது உண்மையான பிழைக்கோடு.

1921-இல் டெய்லர் காட்டிய ஒற்றைத் துகள் பரவலில் இது நன்றாகவே தெரியும். ஆரம்பத்தில் நேரத்தின் வர்க்கத்தில் வளர்வது அட்சரசுத்தமாக வரும், பின்னால் நேரத்துக்கு நேர்விகிதமாக மாறும் இடத்தில் ஆட்டம் தொடங்கிவிடும். இதில் இன்னொரு விஷயம், 10 நேர அலகில் ஒரு துகள் பெட்டியின் நீளத்தையே கடந்துவிட முடியும். துகளைச் சொந்தக் கோடில் ஓட்டினால் பெட்டிக்குள் மடக்கிய இடத்தை ஒரு மாறியிலும், மடக்காத இடத்தை இன்னொன்றிலும் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது சர்வரிடம் கேட்க, இரண்டாவது பரவலை அளக்க.

பாய்மத்தை விடக் கனமான துகள்களுக்கு, அதாவது மேகத்தின் நீர்த்துளி, தூசி மாதிரியானவற்றுக்கு, சர்வர் உதவி பாதிதான் கிடைக்கும். அது ஓட்டித் தருவது பாய்மத் துகளை மட்டும். கனமான துகளுக்குத் தன் சொந்தத் திசைவேகம் உண்டு, அதனால் ஒவ்வொரு படியிலும் துகள் இருக்கும் இடத்தின் பாய்மத் திசைவேகத்தைக் கேட்டு வாங்கி, இழுவிசையை நீங்களே கணக்கிட்டு நகர்த்த வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு கேள்வி என்பதால் வீட்டு லேப்டாப்பிலிருந்து செய்வதை விட சைசர்வரில், டேட்டாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்வது நல்லது. துகள் பாய்மத்தின் வேகத்துக்குப் பழக ஆகும் தளர்வு நேரத்தைக் கோல்மோகரோவ் நேரத்தால் வகுத்தால் வருவது ஸ்டோக்ஸ் எண். அது 1 என்றால் தளர்வு நேரம் 0.042, படி 0.002, எந்தச் சிக்கலும் இல்லை. ஸ்டோக்ஸ் எண் 0.1-க்கு இறங்கினால் தளர்வு நேரம் 0.004 ஆகிவிடும், அதில் பாதி அளவுக்குப் படியே இருக்கும், சாதாரண முறையில் ஓட்டினால் பிழை சேரும். இழுவிசைப் பகுதியைச் சரியான அடுக்குக்குறித் தீர்வாக எழுதி ஓட்டினால் தப்பிக்கலாம், கோடில் இரண்டு வரிதான் கூடும்.

கிடைக்கும் பலன் பார்க்கவே நன்றாக இருக்கும். துகள்களை முதலில் பெட்டி முழுக்கச் சீராகத் தூவுங்கள், ஸ்டோக்ஸ் எண் 1-ஐ ஒட்டி வையுங்கள், கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஒரு மெல்லிய துண்டை மட்டும் வெட்டி வரைந்தால், சுழல்களின் நடுப்பகுதி காலியாகி, துகள்கள் சுழல்களுக்கு இடையில் நூல் நூலாகச் சேர்ந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். 1987-இல் மேக்ஸி இதன் காரணத்தை விளக்கினார்: கனமான துகளைச் சுழல் வெளியே வீசி எறிகிறது. அதே ஓட்டத்தில் பாய்மத் துகளையும் பக்கத்தில் ஓட்டுங்கள், அது கடைசி வரை சீராகவே இருக்க வேண்டும். அது கொத்துக் கொத்தாகத் தெரிந்தால் உங்கள் கோடில் பிழை இருக்கிறது. எனக்குத் தெரிந்து இதை விட நல்ல சோதனை கிடையாது.

என்ன செய்ய முடியாது என்றால், துகள் ஓட்டத்தைத் திருப்பித் தள்ள முடியாது. முடிந்துபோன மேட்ச்சின் ரீப்ளேயை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள், கூடுதலாக ஒரு ஆட்டக்காரரை உள்ளே இறக்கினால் ஸ்கோர் மாறாது. துகள்கள் குறைவாக, லேசாக இருக்கும் வரை பரவாயில்லை. துகளின் மொத்த நிறை பாய்மத்தின் நிறையோடு போட்டி போடும் அளவுக்கு வந்துவிட்டால் இந்தச் சேவையை மறந்துவிடுங்கள், சொந்தமாகத்தான் ஓட்ட வேண்டும்.

மற்ற தொகுப்புகளைப் பற்றிச் சுருக்கமாக. சுவர்களுக்கு நடுவிலான சேனல் ஓட்டம் ஒன்று இருக்கிறது, 2048 × 512 × 1536 புள்ளிகள், உராய்வு ரெனால்ட்ஸ் எண் (சுவர் உராய்வை வைத்துக் கணக்கிட்டது) சுமார் 1000, 4000 ஃபிரேம். சுவரருகே துகள்கள் எப்படிச் சேர்கின்றன என்று பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு அருமையான இடம், ஆனால் மொத்தப் பதிவு நேரம் 26, ஓட்டம் சேனலின் முழு நீளத்தை ஒரு தடவை கடக்க ஆகும் நேரம் அதே அளவுதான். கனமான துகள்கள் சுவர்ப்பக்கம் சேர்ந்து நிலைபெற அதை விட நெடுநேரம் ஆகும், எனவே தொடக்கத்தைத்தான் பார்க்கலாம், முடிவை அல்ல. காந்தப்புலம் சேர்ந்த ஓட்டத்துக்கும் 1024 தொகுப்பு உண்டு, பின்னோக்கிய துகள்களை வைத்து அதில் நடந்த வேலை 2013-இல் நேச்சர் இதழ் வரை போனது. 4096, 8192 என்று பெரிய எண்களைப் பார்த்து ஐசோட்ரோபிக் தொகுப்புகளுக்கு ஓடாதீர்கள். அவற்றில் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய ஸ்னாப்ஷாட்கள், நேரத் தொடர்ச்சி கிடையாது, துகளை அதில் விட்டால் நகராது. இதைப் பட்டியலிலேயே இன்னும் பளிச்சென்று எழுதி வைக்கலாம் என்பது என் சின்ன மனக்குறை.

யார் எடுக்கலாம்? மாணவர்கள், கோட்பாட்டு ஆட்கள், புதிய துகள் மாடல் எழுதிவிட்டு அதைச் சோதிக்க நல்ல ஓட்டம் தேடுகிறவர்கள், இயந்திரக் கற்றலுக்குச் சுத்தமான டேட்டா வேண்டுபவர்கள், எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். ரெனால்ட்ஸ் எண்ணை மாற்றிப் பார்த்துப் போக்கைப் பிடிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது ஒரு புள்ளி மட்டுமே. அவர்கள் சின்ன ரெனால்ட்ஸ் எண்களைத் தாங்களே ஓட்டிக்கொண்டு (பக்கத்துக்கு 128 புள்ளிகளில், ஃபூரியே வெளியில் கணக்கிடும் ஒரு சூடோ-ஸ்பெக்ட்ரல் கோடு சாதாரண மெஷினிலேயே ஓடும்), மேல் முனைக்கு இதை வைத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. சொந்தக் கோடை ஒருமுறையாவது எழுதி ஓட்டியவர்கள் இந்தச் சேவையை இன்னும் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது என் அபிப்பிராயம், எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் போடும் வரிசை இது: பொது டோக்கனில் 4096 துகள், 8 புள்ளி இடைச்செருகல், நேரப் படி 0.001, ஆரம்ப நேரம் 4, முடிவு நேரம் 4.4. அதாவது பத்து கோல்மோகரோவ் நேரத்துக்குச் சற்றுக் குறைவு. போன இடத்திலிருந்து அப்படியே 4-க்குத் திரும்பி ஓட்டி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர்கிறதா என்று பாருங்கள். அந்த வித்தியாசம் கிரிட் இடைவெளியில் சிறு பங்காக இருந்தால் மேலே போகலாம். இல்லையென்றால் படியைப் பாதியாக்கி மறுபடியும் ஓட்டுங்கள்.